‘1966 ஹெரால்டு, முழு ஒரிஜினல்’: ஆன்லைனில் வாங்கிய பழைய கார், ஒன்றரை நட்சத்திரம்

ஐந்துக்கு ஒன்றரை நட்சத்திரம். அந்த ஒன்றரை எதற்கு என்று பிறகு சொல்கிறேன், மீதி மூன்றரை எங்கே போனது என்பதுதான் பெரிய கதை. கடையின் பெயரைப் போடப்போவதில்லை. பணத்தைத் திருப்பித் தரும்போது ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள், அதில் எங்கள் பெயரைப் பொதுவெளியில் எழுதக்கூடாது என்று ஒரு வரி இருக்கிறது. பெயர் போடாமல் எழுதக்கூடாது என்று எந்த வரியும் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

இது ஓனரையும் வாங்குபவரையும் சேர்த்துவைத்துக் கமிஷன் எடுக்கிற தளம் இல்லை. பழைய கார்களைத் தாங்களே வாங்கி, பாலிஷ் போட்டு, அழகாகப் படம் எடுத்து, தங்கள் பெயரில் பில் போட்டு விற்கிற கம்பெனி. பெரும்பாலும் ஏழெட்டு வயசு ஸ்விஃப்டும் ஐ20-யும்தான் விற்பார்கள். கொஞ்ச காலமாக ‘கிளாசிக்’ என்று தனிப் பிரிவு ஒன்று ஆரம்பித்து அம்பாசிடர், பத்மினி, ஹெரால்டு எல்லாம் போடுகிறார்கள். பில் அவர்கள் பெயரில் இருந்தது என்பதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அதுதான் கைகொடுத்தது.

நான் வாங்கியது ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. இந்தக் காலப் பிள்ளைகளுக்குப் பெயரே தெரியாது. பிரிட்டனில் 1959-ல் வந்த டிரையம்ப் ஹெரால்டுதான் இது. வடிவம் கொடுத்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. 1961 முதல் நம்ம வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி செய்தது. 948 சி.சி. என்ஜின், முதலில் இரண்டு கதவு, 1968-ல் நாலு கதவு, 1972-ல் முகத்தையும் முதுகையும் மாற்றி ‘கசெல்’ என்று பெயர் வைத்தார்கள். பானெட் மட்டும் திறக்காது, இரண்டு மட்கார்டோடு மூக்கு மொத்தமும் முன்னால் கவிழ்ந்து திறக்கும், என்ஜின் பக்கத்தில் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். ஆரணியில் நெல் மண்டி வைத்திருந்த எங்கள் பெரிய மாமாவிடம் ஒன்று இருந்தது. அப்போது ஆரணியும் வேலூரும் ஒரே வடாற்காடு மாவட்டம். வேலூர் லாங் பஜாரில் மாட்டு வண்டிக்கும் கை வண்டிக்கும் நடுவில் அதை ஒரே வெட்டில் திருப்புவார். 25 அடி இடம் இருந்தால் போதும், முழு வட்டம் அடித்துவிடும். இன்றைக்கு உள்ள சின்ன கார்களில் பல அந்த இடத்தில் திரும்பாது. மெட்ராஸில் செய்த கார் என்ற பிரியமும் சேர்ந்துகொண்டது. பத்மினி பம்பாய்க்காரன், அம்பாசிடர் கல்கத்தாக்காரன், ஹெரால்டு ஒன்றுதான் நம்மவன்.

இப்போது விளம்பரம். ஒரு எழுத்துகூட மாற்றாமல் தருகிறேன்: ‘1966 மாடல், இரண்டு கதவு, முழு ஒரிஜினல், இரண்டாவது ஓனர், 48,000 கி.மீ., துரு இல்லை, விண்டேஜ் பதிவுக்குத் தகுதி, தினமும் ஓட்டலாம்.’ விலை மூன்றே கால் லட்சம். கீழே ஒரு பச்சை வட்டத்தில் ‘ஆய்வு மதிப்பெண் 9.1’. வண்டி நின்றது கோயம்புத்தூர் பக்கம் அவர்கள் யார்டில். அடிப்பக்கப் படம் கேட்டேன், கன்னங்கரேல் என்று ஒரு படம் வந்தது. ‘சேசிஸ், ஆக்சில் எல்லாம் அந்த வருஷத்து ஒரிஜினல்தானா’ என்று சாட்டில் கேட்டதற்கு, ‘ஆமாம் சார், ஹண்ட்ரட் பர்சன்ட்’ என்று எழுத்திலேயே பதில் வந்தது. விளம்பரத்தையும் இந்தப் பதிலையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தேன். நீங்களும் எடுத்து வையுங்கள், ஏனென்றால் நான் புகார் செய்த மறுநாளே அந்த விளம்பரப் பக்கம் காணாமல் போனது.

வண்டி வந்து இறங்கியதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ரெக்கவரி லாரி டிரைவர் பள்ளிகொண்டா டோல்கேட்டிலிருந்தே போன் செய்துவிட்டார், சாய்வுப் பலகை போட்டு, குழந்தையை இறக்குகிற பதத்தில் இறக்கினார், கீறல் ஒன்றும் இல்லை. வானநீலம். சாவி போட்டதும் பிடித்துக்கொண்டது. தெருவில் இருந்த பெரியவர்கள் எல்லாம் வந்து தடவிப் பார்த்தார்கள். என்ஜின் உண்மையிலேயே நல்ல என்ஜின், அதைப் பற்றி இங்கே ஒரு வார்த்தைகூடக் குறைத்துச் சொல்லமாட்டேன்.

வண்டியோடு ஒரு கோப்பு வந்தது. அதில்தான் அந்த 9.1 எப்படி வந்தது என்று தெரிந்தது. ஆய்வு அறிக்கை என்று பல பக்கம், வரிசையாக டிக். பவர் விண்டோ: வேலை செய்கிறது. ஏ.சி. கூலிங்: நன்று. பின் கேமரா: நன்று. ஐயா, இது கையால் சுற்றிக் கண்ணாடி இறக்குகிற கார், இதில் ஏ.சி. என்றால் முக்கோண ஜன்னலைத் திருப்பி வைத்துக்கொள்வதுதான். ஸ்விஃப்டுக்கு அடித்த படிவத்தையே ஹெரால்டுக்கும் நிரப்பியிருக்கிறார்கள், யாரும் வண்டிக்குக் கீழே குனியவில்லை. பழைய காரில் கேட்கவேண்டிய கேள்விகளே வேறு: சட்டம் (அதாவது பாடியைத் தாங்குகிற சேசிஸ்) எந்த வருஷத்தது, கதவுக்குக் கீழே ஓடுகிற ரன்னிங் போர்டில் தகரம் இருக்கிறதா, ஓட்டையை மூடப் பூசுகிற பட்டி இருக்கிறதா, எந்தப் பாகம் எப்போது மாறியது, சேசிஸ் தகட்டு நம்பரும் ஆர்.சி. புத்தக நம்பரும் ஒன்றா. அந்த அறிக்கையில் இதில் ஒன்றுகூட இல்லை. இந்தச் சேவையில் என்னை அதிகம் எரிச்சலாக்கியது இதுதான். பொய் சொல்ல நினைத்துச் சொன்ன பொய்கூட இல்லை இது, பார்க்காமலே சொன்னது. ஆனால் அதற்கு அவர்கள் தனியாக ‘ஆய்வுக் கட்டணம்’ வாங்கியிருக்கிறார்கள், பில்லில் தனி வரியாக இருக்கிறது.

அடுத்து சைதாப்பேட்டையில் ஒரு பாய் ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுபோனேன் (வேலூர் சைதாப்பேட்டை, மெட்ராஸ் இல்லை). சின்ன வயசில் ஹெரால்டிலேயே தொழில் கற்றவர். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார், ஒன்றும் சொல்லவில்லை. பையனைக் கூப்பிட்டு பின்பக்கம் சட்டத்துக்கு ஜாக்கி கொடுக்கச் சொன்னார். சக்கரம் இரண்டும் தரையை விட்டு மேலே வந்தது. பாய் குனிந்து பார்த்தார், எழுந்தார், மறுபடி குனிந்தார்.

“இன்னா நைனா, கால் மடங்கலியே?”

எனக்கு முதலில் விளங்கவில்லை. பழைய ஹெரால்டில் பின்னால் இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கிற முழு ஆக்சில் கிடையாது. நடுவில் டிஃபரன்ஷியல், அதாவது என்ஜின் சுழற்சியை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கிற பெட்டி, சட்டத்தோடு நிற்கும், இரண்டு பக்கமும் அரை ஆக்சில் தனித்தனியாக மேலும் கீழும் ஆடும். அதனால் பின்பக்கத்தைச் சட்டத்தோடு தூக்கினால் இரண்டு டயரும் அடிப்பக்கம் உள்ளே சாய்ந்து தொங்கும், கோழியைத் தூக்கினால் காலை உள்ளே இழுத்துக்கொள்ளுமே, அந்த மாதிரி. வளைவில் வேகமாகத் திருப்பும்போதும் இதே மாதிரி மடங்கிப் பின்பக்கம் தூக்கி அடிக்கும் என்று அந்தக் காலத்திலேயே புகார் உண்டு. அதனால்தான் 70-களின் தொடக்கத்தில் இங்கே செய்த வண்டிகளில் அதை எடுத்துவிட்டு ஒரே முழு ஆக்சில் போட்டார்கள். என் வண்டியின் டயர்கள் உள்ளே சாயாமல், ஸ்கேல் வைத்தது போல நேராக நின்றன. 1966 வண்டிக்கு 1970-க்கு மேற்பட்ட பின்னங்கால்.

சரி, ஆக்சில் மட்டும் மாறியிருக்கலாமே என்று கேட்டேன். பாய் வயர் பிரஷ் எடுத்துக் கீழே படுத்தார். அடிப்பக்கம் புதுசாக அடித்த கறுப்பு அண்டர்கோட்டிங் பூச்சு, விரல் வைத்தால் இன்னும் ஒட்டுகிறது. ஒரு சாண் அளவு தேய்த்ததும் உள்ளே பழைய பச்சை பெயிண்ட் தெரிந்தது. மேலே பாடியில் எங்கே சுரண்டினாலும் பச்சை இல்லை. நீலம், அதுக்குக் கீழே வெள்ளை, அதுக்குக் கீழே பிரைமர். அதாவது சட்டம் வேறொரு வண்டி. கடைசிக் கால ஹெரால்டோ கசெலோ, அதன் சட்டத்தை எடுத்து அதன் மேல் இந்த இரண்டு கதவு பாடியை இறக்கி போல்ட் போட்டிருக்கிறார்கள். ஹெரால்டில் இது செய்யக்கூடிய வேலைதான். தனிச் சட்டம், அதன் மேல் துண்டு துண்டாகப் போல்ட் போட்ட பாடி, அப்படித்தான் டிரையம்பே அதை வடிவமைத்தது. அம்பாசிடரிலோ பத்மினியிலோ இந்த வித்தை நடக்காது, அதில் பாடிதான் சட்டம்.

அப்புறம் பானெட்டைக் கவிழ்த்து சேசிஸ் நம்பர் தகட்டைக் காட்டினார். தகடு பழசு, எழுத்து தேய்ந்திருக்கிறது, ஓரம் கறுத்திருக்கிறது, ஆனால் அதைப் பிடித்திருக்கும் ரிவிட் இரண்டும் போன வாரம் வாங்கின மாதிரி பளபளவென்று அலுமினியம். நடுவில் துளையுள்ள பாப் ரிவிட், அதன் தலையைச் சுற்றி நீல பெயிண்ட் உடைந்திருக்கிறது. பெயிண்ட் அடித்த பிறகு தகடு வந்திருக்கிறது என்று அர்த்தம். துணியில் சுற்றிய காந்தத்தை ரன்னிங் போர்டு ஓரமாக இழுத்தார், கதவுக்குக் கீழே முக்கால்வாசி நீளத்துக்கு ஒட்டவே இல்லை. எல்லாம் பட்டி. டிங்கரிங் வேலை சுத்தம், அதையும் சொல்லவேண்டும், கண்ணால் கண்டுபிடிக்க முடியாது.

‘இரண்டாவது ஓனர்’ என்பது அரசாங்கத்தின் எம்பரிவாகன் செயலியில் ஐந்தாவது என்று வருகிறது. 48,000 கி.மீ. பற்றிப் பேசவே வேண்டாம், அந்தக் கால மீட்டரில் ஐந்து இலக்கம்தான், 99,999 தாண்டினால் மறுபடி பூஜ்யம், எத்தனை சுற்று சுற்றியது என்று மீட்டருக்கே தெரியாது. ‘துரு இல்லை’யும் போயிற்று. வேலூர் வண்டியென்றால் வெயிலில் பெயிண்ட் வெளுக்குமே ஒழிய தகரம் சாகாது. இதன் முதல் பதிவு கடலோர ஊர் ஒன்றில். விளம்பரத்தில் கோயம்புத்தூர்க் காற்று மட்டும்தான் இருந்தது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். சட்டம் மாற்றியதை நான் குற்றமாகப் பார்க்கவில்லை, பாயும் பார்க்கவில்லை. முப்பது நாற்பது வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒருத்தருக்குச் சட்டம் அரித்துப்போயிருக்கும், புதுச் சட்டம் கிடைத்திருக்காது, ஸ்டாண்டர்ட் கம்பெனியே 80-களின் கடைசியில் உற்பத்தியை நிறுத்திவிட்டது, கிடைத்ததை வைத்து வண்டியைக் காப்பாற்றியிருக்கிறார்கள். நம்ம ஊரில் பழைய வண்டிகள் இன்றைக்கும் ஓடுகிறதென்றால் இப்படிப்பட்ட கைவேலையால்தான். ஓட்டுவதற்குப் பார்த்தால் முழு ஆக்சில் நல்லதும்கூட. ‘1966 பாடி, பின்னால் வந்த சட்டம், ரன்னிங் போர்டில் பட்டி வேலை உண்டு’ என்று எழுதி ஒரு லட்சம் குறைத்திருந்தால் நானே சந்தோஷமாக வாங்கியிருப்பேன். ‘முழு ஒரிஜினல்’ என்று எழுதி அதற்கு விலை வாங்கியதுதான் பிரச்சினை.

அதிலும் ‘விண்டேஜ் பதிவுக்குத் தகுதி’ என்பது சும்மா அலங்கார வார்த்தை இல்லை. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் இதற்கென்று தனியாகச் சேர்த்தார்கள். முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டியிருக்கவேண்டும், வண்டி அசல் வடிவத்தில் இருக்கவேண்டும், சேசிஸ், பாடி, என்ஜின் இதில் பெரிய மாற்றம் செய்திருக்கக்கூடாது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், நம்பரில் ‘வி.ஏ.’ என்று எழுத்து வரும். என் வண்டி முதல் நிபந்தனையில் பாஸ், அடுத்ததில் அவுட். இன்னொரு வேடிக்கை, விண்டேஜ் என்று பதிந்த வண்டியைத் தினசரி உபயோகத்துக்கு ஓட்டக்கூடாது என்பதும் அதே விதியில்தான் இருக்கிறது. கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போட, பழுது பார்க்க, இவ்வளவுதான். ‘விண்டேஜ் பதிவு’, ‘தினமும் ஓட்டலாம்’ இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதினவர் விதியைத் திறந்தே பார்க்கவில்லை. மற்றபடி விண்டேஜ் ஆக்காமல் சாதாரணப் பதிவிலேயே ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்து ஓட்டலாம், பதினைந்து வருஷம் ஆனால் காயலான் கடைதான் என்று டீக்கடையில் சொல்வதெல்லாம் டெல்லிக் கதை.

இனி கஸ்டமர் கேர் புராணம். முதலில் பேசிய பெண் மிகவும் மரியாதையாக, சார் உங்கள் மனநிலை புரிகிறது என்றார். நாலு தடவை புரிந்தது, அவ்வளவுதான் நடந்தது. அடுத்தவர், திருப்பி எடுக்கும் சலுகை கிளாசிக் பிரிவுக்குக் கிடையாது என்றார். அதற்கடுத்தவர் 5,000 ரூபாய்க்கு சர்வீஸ் கூப்பன் தருகிறேன், எங்கள் சர்வீஸ் சென்டரில் உபயோகிக்கலாம் என்றார். அந்த சென்டரில் ஹெரால்டு பார்ப்பீர்களா என்று கேட்டேன், விசாரித்துச் சொல்கிறேன் என்றார், இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார். இதற்கு நடுவில் வேறொரு பிரிவிலிருந்து தினமும் ஒரு போன்: ஆர்.சி. உங்கள் பெயருக்கு மாற்றவேண்டும், ஓ.டி.பி. சொல்லுங்கள், படிவம் 30-ல் கையெழுத்துப் போடுங்கள். புகார் பிரிவுக்கு நேரமில்லை, பெயர் மாற்றும் பிரிவுக்கு மட்டும் அவ்வளவு அவசரம். நான் ஓ.டி.பி. தரவில்லை. பெயர் மாறிவிட்டால் வண்டியை ஏற்றுக்கொண்டீர்களே என்று வாதாட அவர்களுக்கு ஒரு பிடி கிடைத்துவிடும்.

கடைசியில் மேலாளர் ஒருவர் ஒப்பந்தத்தைக் காட்டினார். ‘உள்ளது உள்ளபடி’ என்று ஒரு வரி, வழக்கு என்றால் எங்கள் தலைமை அலுவலக ஊரில்தான் என்று ஒரு வரி, திருப்பித் தருவதென்றால் உங்கள் செலவில் கோயம்புத்தூர் கொண்டுவந்து விடுங்கள் என்று வாய்மொழியாக ஒரு வரி.

எங்கள் சித்தப்பா பையன் வேலூர் கோர்ட்டில்தான் பிராக்டிஸ் செய்கிறான். ஸ்கிரீன்ஷாட்டுகளைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். “அண்ணா, வண்டி கெட்டுப்போச்சுன்னு எழுதாதே. சொன்ன வண்டி வரலைன்னு எழுது.” வித்தியாசம் இதுதான். பழைய வண்டி கெட்டுப்போவது சகஜம், ‘உள்ளது உள்ளபடி’ அங்கே அவர்களுக்கு உதவும். ஆனால் 1930-ம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டத்தில் 15-வது பிரிவு, வர்ணனை சொல்லி விற்ற பொருள் அந்த வர்ணனைக்குப் பொருந்தவேண்டும் என்கிறது. 1966 ஒரிஜினல் என்று வர்ணித்தாய், வந்தது அது இல்லை, முடிந்தது. அதே சட்டத்தில் 42-வது பிரிவு ஒன்று இருக்கிறது, பொருளை வாங்கி வைத்துக்கொண்டு நியாயமான காலத்துக்குள் வேண்டாம் என்று சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். அதனால் போனில் சண்டை போட்டுக்கொண்டே மாதத்தை ஓட்டாதீர்கள், பார்த்தவுடனே மெயிலில் ‘நிராகரிக்கிறேன்’ என்று எழுதிவிடுங்கள். எனக்கு மிகவும் பிடித்தது 43. வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், நிராகரித்த பொருளைக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டிய கடமை வாங்கினவனுக்கு இல்லை, வேண்டாம் என்று தெரிவித்தால் போதும். கோயம்புத்தூர் வரை லாரி வாடகை என் தலையில் இல்லை என்று அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

இதற்கு மேலே 2020 மின்வணிக விதிகள் இருக்கின்றன. குறைதீர்ப்பு அதிகாரி ஒருவரை வைத்திருக்கவேண்டும், அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்தது என்று சொல்லவேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும், விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லாவிட்டால் திரும்ப எடுக்க மாட்டேன் என்று சொல்லக்கூடாது. இவர்கள் தளத்தில் அந்த அதிகாரியின் முகவரி அடியில் பொடி எழுத்தில் இருக்கிறது, கஸ்டமர் கேருக்குப் பதிலாக நேராக அங்கே எழுதுங்கள். 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிந்தேன். அவர்கள் புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள், உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது. இருந்தாலும் அந்தப் புகார் எண் கிடைத்த பிறகுதான் கம்பெனி மெயிலில் ‘டியர் கஸ்டமர்’ போய் என் பெயர் வந்தது.

வக்கீல் நோட்டீஸ் போனது. அதில் தம்பி எழுதிய ஒரு பத்திதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன்: 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வாங்கினவர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், ஆகவே வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போடப்போகிறோம். 50 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மாவட்ட ஆணையமே விசாரிக்கும், ஐந்து லட்சம் வரை கட்டணமும் கிடையாது, இரண்டு வருஷம் வரை அவகாசம். கம்பெனிக்காரன் தன் வக்கீலை ஒவ்வொரு வாய்தாவுக்கும் வேலூருக்கு அனுப்பவேண்டும், நான் சத்துவாச்சாரியிலிருந்து பஸ்ஸில் போய்விடுவேன். கணக்குப் போட்டுப் பார்த்திருப்பார்கள்.

இதெல்லாம் பில் கம்பெனி பெயரில் இருந்ததால்தான் சாத்தியமானது. தனி ஆளிடமிருந்து அவர் சொந்தக் காரை வாங்கினால் நுகர்வோர் ஆணையம் பக்கமே போகமுடியாது, அது வியாபாரம் இல்லை, இரண்டு பேருக்கு நடுவில் நடந்த விற்பனை. சிவில் கோர்ட்டுக்குப் போகலாம், வேண்டுமென்றே ஏமாற்றியதற்கு ஆதாரம் இருந்தால் போலீஸில் பாரதிய நியாய சன்ஹிதா 318 பிரிவில் புகார் தரலாம், இரண்டும் இழுக்கும். நம்ம பக்கம் பழைய வண்டி பாதிக்கு மேல் இப்படித்தான் புரோக்கர் மூலமாகக் கைமாறுகிறது, அதனால் சொல்கிறேன். புரோக்கர் விற்கிறார் என்றால் 2023 ஏப்ரலிலிருந்து பழைய வண்டி வியாபாரிகளுக்கு ஆர்.டி.ஓ. அங்கீகாரச் சான்று வேண்டும், அதைக் காட்டுங்கள் என்று கேட்டுப் பாருங்கள். முகம் மாறுவதிலேயே பாதி தெரிந்துவிடும்.

வண்டி விலை முழுசாகத் திரும்பி வந்தது. ஆய்வுக் கட்டணமும் வந்தது. கொண்டுவந்த வாடகையில் பாதிதான் தந்தார்கள், பாய்க்குக் கொடுத்த கூலியைக் கேட்டதற்கு ‘வெளி மெக்கானிக்கை நாங்கள் அங்கீகரிப்பதில்லை’ என்றார்கள். குனிந்து பார்த்த ஒரே ஆள் அவர்தான், அவரை அங்கீகரிக்கவில்லையாம். தம்பி இதோடு விடலாம் என்றான், விட்டேன். வண்டியை அவர்களே லாரி அனுப்பி எடுத்துப்போனார்கள், அதே டிரைவர், அதே பதம். ஒரு நட்சத்திரம் அவருக்கும், ஒத்துக்கொண்ட பிறகு பணத்தைச் சொன்ன தேதிக்கே போட்ட கணக்குப் பிரிவுக்கும். அரை நட்சத்திரம் அந்த என்ஜினுக்கு.

வண்டி மறுபடி அதே தளத்தில் வந்திருக்கிறது. ‘1966’ இருக்கிறது, ‘முழு ஒரிஜினல்’ போய் ‘ஒரிஜினல் லுக்’ என்று ஆகியிருக்கிறது, விலையில் நாற்பதாயிரம் குறைத்திருக்கிறார்கள், 9.1 அப்படியே பச்சையாக நிற்கிறது. யாராவது பார்த்து ஆசைப்பட்டால் நேரில் போங்கள், ஒரு ஜாக்கியும் ஒரு காந்தமும் எடுத்துக்கொண்டு போங்கள். என்ன சட்டம், எங்கே பட்டி என்று தெரிந்தே வாங்குவதானால் அது மோசமான வண்டி இல்லை. டிரையம்ப் சாமான் இங்கிலாந்திலிருந்து இன்னும் கிடைக்கிறது, அந்த 948 என்ஜின் இன்னும் பல வருஷம் ஓடும் என்று பாய் அடித்துச் சொல்கிறார். இரண்டு லட்சத்துக்குக் கீழே வந்தால் சொல்லு நைனா, நானே எடுத்துக்கிறேன் என்றும் சொல்லி வைத்திருக்கிறார்.